பாக்கெட் எண்ணெயில் ஓடிய வண்டி



இதைச் சினத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன். அந்தச் சினத்தில் பாதி பிறர்மீது. மீதிப் பாதி என்மீது. போன வாரம் நண்பர் ஒருவர், அவரும் ஓர் ஆசிரியர்தான், ஆசிரியர்கள் புலனக் குழுவில் ஒரு செய்தியைப் போட்டிருந்தார். "பழைய டீசல் ஜீப் வைத்திருப்போர் கவனத்திற்கு! சமையல் எண்ணெயைக் கலந்து ஓட்டுங்கள், செலவு பாதியாகும், ருடால்ப் டீசலே கடலை எண்ணெயில்தான் தம் இயந்திரத்தை ஓட்டினார்" என்பது அதன் சாரம். அன்று மாலைக்குள் மூன்று பெற்றோர் என்னை அழைத்து, "செய்து பார்க்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். செய்து பார்த்தாயிற்று, ஐயா. எங்கள் பள்ளியில் 2024ஆம் ஆண்டே செய்து பார்த்தாயிற்று. அதன் கதையை அப்போதே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தால் எழுதாமல் விட்டேன்.

கேமரன் மலையை அறியாத வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். தார்ச்சாலை போகும் வரைக்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்து போகும். அதற்கு மேலே செம்மண் தடம். மழை பெய்தால் அது தடமும் அன்று, வாய்க்கால். அங்கே ஏறி இறங்குபவை பழைய நான்கு சக்கர உந்துவண்டிகள்தாம். ஆங்கிலேயர் காலந்தொட்டு இம்மலையோடு ஒட்டிப்போன லேண்ட் ரோவர்களை இன்றும் வேலைக்கு வைத்திருப்பவர்கள் இங்கே பலர். உச்சியில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய வண்டியே காலையில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு வண்டி. ஓட்டுபவர் நம் மாணவி ஒருத்தியின் தந்தை; வண்டி அவரைவிட மூத்தது. ஒன்பது பிள்ளைகளைக் காலையில் இறக்கிக் கொண்டுவந்து விட்டுப் பிற்பகலில் ஏற்றிச் செல்வார். போக வர, இரண்டு வேளையும் சேர்த்து நாளுக்கு 40 கிலோமீட்டர். மாதம் 22 பள்ளி நாள் என்றால் 880 கிலோமீட்டர். அந்த ஏற்றத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். ஆக, மாதம் 110 லிட்டர் டீசல். பிள்ளைக்கு 50 வெள்ளி வீதம் அவர் வாங்கியது 450 வெள்ளி.

2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே இரவில் ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் ஏறவில்லை, இங்கே ஏறியது. உதவித்தொகைச் சுமையைக் குறைக்கவும் கடத்தலைத் தடுக்கவும் என்று அரசு காரணம் சொன்னது. கடத்தல் இருந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஓட்டுநரின் மாதச் செலவு 236 வெள்ளி 50 காசிலிருந்து 368 வெள்ளி 50 காசாயிற்று. கையில் நின்றது 81 வெள்ளி சொச்சம். அதில்தான் டயர், பிரேக், எஞ்சின் எண்ணெய், அவருடைய உழைப்பு எல்லாம். கட்டணத்தை ஏற்றலாமே என்பீர்கள். இரண்டு பிள்ளை அனுப்பும் குடும்பம் மாதம் 100 வெள்ளி தருகிறது. அதற்குமேல் கேட்டால் ஒரு பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பிள்ளையை நிறுத்துவார்கள் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மாதத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இப்பேச்சு வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிய கதையைச் சொன்னேன். அறிவியல் பாடம் நடத்துகிறவன் அல்லவா, கதை கையிலேயே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "அப்போ நம்ம வீட்டு அடுப்பும் வண்டியும் ஒரே எண்ணெயில ஓடும்" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அவர் போட்ட கணக்கு இது. உதவித்தொகையில் விற்கப்படும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. ஒரு கிலோ எண்ணெய் 1.1 லிட்டர் அளவு வரும். ஆக, லிட்டர் 2 வெள்ளி 27 காசு. டீசலைவிட ஒரு வெள்ளிக்கு மேல் மலிவு! பாதிக்குப் பாதி கலந்தால் மாதம் 55 லிட்டர் எண்ணெய், அதாவது ஐம்பது பாக்கெட். மிச்சம் 59 வெள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் போட்ட கணக்கு. ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் நான் சொன்ன கதையில் இருந்தது.

முதல் மூன்று வாரம் வண்டி தேனாக ஓடியது. புகையில் வடை சுடும் மணம் வருகிறதென்று பிள்ளைகள் வகுப்பில் வந்து சொல்லிச் சிரித்தார்கள். நான்காம் வாரம் விடியலில் வண்டி கிளம்ப மறுத்தது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே வெண்மெழுகு. வெந்நீர் ஊற்றிக் கிளப்பினார். மறுநாளும் அதே. பிறகு ஒருநாள் ஏற்றத்தில், நல்லவேளை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. டீசல் பம்பின் உள்தண்டு முறிந்திருந்தது. பட்டறையில் திறந்து பார்த்தபோது நோசல் நான்கிலும் கரி. பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் எண்ணெய் கூழாகத் திரண்டிருந்தது. செலவு 2,400 வெள்ளி. மாதம் 59 வெள்ளி மிச்சத்தில் இதை அடைக்க நாற்பது மாதம் வேண்டும்.

பதின்மூன்று பள்ளி நாள் வண்டி இல்லை. ஒன்பது பேரில் நால்வர் மோட்டார் சைக்கிளிலோ நடந்தோ எப்படியோ வந்தார்கள். ஐவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த ஐந்து பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று நாள்தோறும் குறித்தவன் நான். அவர்களில் ஒருத்தி ஒன்றாம் ஆண்டு மாணவி. உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அப்போதுதான் தொடங்கியிருந்தாள். திரும்பி வந்தபோது கூட்டுவதை மறந்திருந்தாள். அதைப் பற்றி அவள் தந்தையிடம் பேசப்போனேன். "நீங்கதானே சார் அன்னைக்குச் சொன்னீங்க?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

இனி அந்தக் கதையை எடுத்துக்கொள்வோம். கதை பொய்யன்று. 1900இல் பாரிசில் ஓட்டோ நிறுவனம் காட்டிய சிறிய இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது. தம் குடியேற்ற நாடுகளில் விளையும் எண்ணெயை எரிபொருளாக்க முடியுமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியதே காரணம். டீசல் இதைப் பின்னர் தாமே குறிப்பிட்டார். ஆனால் அது என்ன இயந்திரம்? அக்காலத்து டீசல் இயந்திரங்களில் எரிபொருளை அழுத்தக் காற்றுதான் உள்ளே ஊதித் தள்ளியது. இன்று நாம் 'பழைய வண்டி' என்று சொல்லும் வண்டியில் இருப்பதோ, தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் உலோகத்தோடு உலோகம் உரசி ஓடும் அழுத்தப் பம்பு. போஷ் நிறுவனம் அப்படிப்பட்ட பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது 1927இல்தான். கண்காட்சி மண்டபத்தில் ஓர் இடத்தில் நின்று ஒரே வேகத்தில் ஓடிய இயந்திரத்தின் பெயரைச் சொல்லி, நாளுக்கு நான்கு தடவை மலையில் ஏறி இறங்கும் வண்டிக்கு மருந்து எழுதுகிறோம். பாட்டனுக்குச் செரித்தது பேரனுக்கும் செரிக்கும் என்பது போன்ற பேச்சு இது.

தாவர எண்ணெய் எரியாது என்று யாரும் சொல்லவில்லை. எரியும், ஆற்றலும் தரும். சிக்கல் அதன் தடிப்பில் இருக்கிறது. 40 டிகிரி வெப்பத்திலேயே அது டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடித்தது. குளிரக் குளிர இன்னும் தடிக்கும். தடித்த எண்ணெயை நோசல் பனித்துளியாகச் சிதறவிட முடியாமல் தாரையாகப் பீய்ச்சுகிறது. தாரை முழுதும் எரியாது. எரியாத மிச்சம் நோசல் முனையில் கரியாகிறது. பிஸ்டன் வளையத்தில் பசையாகிறது. சுவரோடு வழிந்து கீழே எஞ்சின் எண்ணெயில் கலந்து அதையும் கூழாக்குகிறது. இது ஒருநாளில் தெரியாது. ஒருநாளில் தெரிந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். முதல் மூன்று வாரம் தேனாக ஓடுவதே இதன் கொடுமை. அந்த மூன்று வாரத்தில்தான் ஆர்வலர் படம் பிடித்துப் புலனத்தில் போடுகிறார். ஆறாம் வாரத்துப் படத்தை எவரும் போடுவதில்லை.

பம்பிலும் வகை உண்டு. சில பழைய லோரிகளிலும் வண்டிகளிலும் உள்ள வரிசைப் பம்புக்குத் தனியே எஞ்சின் எண்ணெய் போய் மசகிடும். அது சற்று முரட்டுப்பிள்ளை, பலவற்றைத் தாங்கும். நம்மவர் வண்டியில் இருந்தது சுழல்வகைப் பம்பு. அதற்கு உள்ளே போகும் எரிபொருளே மசகு. தடித்த எண்ணெயை விடியற்குளிரில் அதனுள் தள்ளினால் தண்டு முறியாமல் என்ன செய்யும்? 'பழைய எஞ்சின் எதையும் தாங்கும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர் எந்தப் பம்பைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராது.

ஐரோப்பாவில் ஓட்டுகிறார்களே என்று அந்த நண்பர் குழுவில் பதில் எழுதினார். ஓட்டுகிறார்கள். எப்படி ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அங்கே முறையாகச் செய்பவர்கள் வண்டியில் இரண்டு தொட்டி வைக்கிறார்கள். டீசலில் கிளப்பி, இயந்திரத்தின் வெந்நீரைக் கொண்டு எண்ணெயை நன்றாகச் சூடேற்றி, அதன் பிறகே எண்ணெய்த் தொட்டிக்கு மாறுகிறார்கள். நிறுத்துமுன் மறுபடி டீசலுக்கு மாறிக் குழாயைக் கழுவிவிடுகிறார்கள். நீண்ட தூரம் நிற்காமல் ஓடுபவருக்கு அது பொருந்தலாம். பத்துக் கிலோமீட்டர் ஓடி, பள்ளி வாசலில் நின்று, மறுபடி கிளம்பும் வண்டிக்கு எண்ணெய் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் குளிர் வேறு. தானா ராத்தாவில் இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்குவது அன்றாடம். அடுக்களையில் இருக்கும் பாக்கெட் எண்ணெய் விடியலில் வெளுத்துப்போய், அடியில் மாவுபோல் தங்கியிருப்பதை இம்மலையில் பார்க்காத இல்லத்தரசி உண்டா? செம்பனை எண்ணெயின் இயல்பு அது. அடுப்படியில் நாள்தோறும் பார்ப்பதை வண்டித் தொட்டிக்குள் நினைத்துப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தில் தாய்மார்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள் ஆண்களே பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. நம் நாட்டு அரசே இந்தப் பாதையில் ஒருமுறை கால்வைத்துத் திரும்பியிருக்கிறது. 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தபோது, சுத்திகரித்த செம்பனை எண்ணெயை 5 விழுக்காடு மட்டும் டீசலில் நேரடியாகக் கலந்து 'என்வோ டீசல்' என்று பெயரிட்டார்கள். ஐந்தே விழுக்காடு! அதற்கே வாகன உற்பத்தியாளர்கள் இசையவில்லை. தங்கள் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். திட்டம் கைவிடப்பட்டு மெத்தில் எஸ்டராக மாற்றிய எண்ணெயைக் கலக்கும் முறை வந்தது. அரசும் ஆய்வுக்கூடமும் ஐந்து விழுக்காட்டில் பின்வாங்கிய இடத்தில், நாங்கள் ஐம்பது விழுக்காடு ஊற்றினோம்.

மாற்று எரிபொருளே மோசடி என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டா. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். மெத்தனாலோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்துவிட்டால் அதே செம்பனை எண்ணெய் ஏறக்குறைய டீசலின் தடிப்புக்கு வந்துவிடுகிறது. நம் நாட்டுச் செம்பனை ஆய்வாளர்கள் 1980களிலேயே இதைச் செய்து வண்டிகளில் ஓட்டிச் சோதித்தவர்கள். 2019 முதல் நாட்டின் எண்ணெய் நிலையங்களில் பி10, அதாவது பத்து விழுக்காடு கலந்த டீசல், பரவலாக விற்கப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் அறியாமலே மாற்று எரிபொருளில் ஓட்டியவர்கள்தாம், பெருமைப்படலாம்! ஆனால் இந்த எஸ்டரும் தூயதாக இருந்தால் 15 டிகிரியை ஒட்டி மங்கத் தொடங்கும். கேமரன் மலை, கெந்திங் போன்ற மலைப்பகுதிகளைக் கலப்புத் திட்டத்தில் தனியே வைத்துப் பார்த்ததன் காரணம் இதுவே. ஆகவே, சமவெளியில் ஒருவர் பி20 ஓட்டினார், பி100 ஓட்டினார் என்ற செய்தி நம் மலைக்கு அப்படியே பொருந்தாது. கூடவே, பழைய வண்டிகளின் இரப்பர்க் குழாய்களை மிகுந்த எஸ்டர் ஊறச்செய்து கெடுக்கும். தொட்டியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். லிட்டருக்கு அது தரும் ஆற்றலும் டீசலைவிடச் சற்றுக் குறைவு. எதையும் ஆராயாமல் 'பாதிச் செலவு' என்று அறிவிப்பவர்கள் இதில் எதைக் கணக்கில் எடுத்தார்கள்?

அப்படியானால் எஸ்டரை நாமே பள்ளியில் காய்ச்சலாமே, பசுமைத் திட்டமாகவும் இருக்குமே என்று ஓர் இளம் ஆசிரியை ஆர்வத்தோடு கேட்டார். அவர் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேண்டா, அம்மா. நூறு லிட்டர் எண்ணெய்க்கு இருபது லிட்டர் அளவில் மெத்தனால் வேண்டும். மெத்தனால் உள்ளே போனால் கண்பார்வை போகும், உயிரும் போகும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கூடச் சேர்ப்பது தோலை அரிக்கும் காரம். தொடக்கப்பள்ளியில் இதற்கு இடமில்லை. மேலும் 2007ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் தொழிற்சட்டத்தின்படி உற்பத்திக்கும் கலப்புக்கும் உரிமம் வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் எரிவாயுவைப் பற்றிக் கேட்கிறார்கள். இயற்கை எரிவாயுவை நம்பிச் செலவிட்டுக் கலன் பொருத்திய வாடகை வண்டி ஓட்டுநர்களை நினைத்துப் பாருங்கள். கலன்களின் பாதுகாப்புக் காலம் முடிகிறது என்ற காரணத்தால் 2025 ஜூலை 1 முதல் அந்த எரிவாயு விற்பனையே நிறுத்தப்பட்டது. வீட்டுச் சமையல் வாயு உருளையை வண்டியில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு என் பதிலை இங்கே எழுத முடியாது.

தண்ணீரில் வண்டி ஓட்டும் கருவி, குழாயில் காந்தம், தொட்டியில் மாத்திரை இவையெல்லாம் வேறு வரிசை. தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பழைய நோய் உண்டு. 1996இல் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் செய்வதாக அறிவித்தபோது இங்கே மலேசியாவிலும் எத்தனை பேர் நெஞ்சு நிமிர்த்திப் பேசினோம்! நானும் பேசியவன்தான். 2016இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பெருமை பேசிய அளவுக்கு அந்தத் தீர்ப்பை யாரும் பேசவில்லை. தமிழன் கண்டுபிடித்தான் என்ற ஒரு சொல்லுக்காக நாம் கேள்வி கேட்கும் பழக்கத்தையே கழற்றி வைத்துவிடுகிறோம். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதானே நம் வேலை, ஆசிரியர்களே?

பாக்கெட் எண்ணெய் விவகாரத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அது வீட்டுச் சமையலுக்கென்று மக்கள் வரிப்பணத்தில் விலை குறைத்து விற்கப்படுவது. மாதம் ஐம்பது பாக்கெட் ஒரு வண்டித் தொட்டிக்குள் போனால் ஐம்பது அடுப்புகளுக்குப் போக வேண்டியது போகவில்லை என்று பொருள். இதே உதவித்தொகை எண்ணெயைப் பயன்படுத்திய எண்ணெய்போல் ஆக்கி உயிரி எரிபொருளுக்காக ஏற்றுமதி செய்த கும்பல்களைப் பற்றிச் செய்திகளில் படித்து நாம் காறித் துப்பினோமே! நம் ஓட்டுநரை அவர்களோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வராது. அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனவர். ஆனால் கடையில் பாக்கெட் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய கிழவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது என் சினத்தின் மறுபாதிக்கு வருகிறேன்.

பதிவுபெற்ற பள்ளிப் பேருந்துகளுக்கு அரசு தனி அட்டை கொடுத்தது. அந்த அட்டைக்கு 2024இல் டீசல் விலை லிட்டர் 1 வெள்ளி 88 காசு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மஞ்சள் பேருந்து தார்ச்சாலை முனையில் நின்றுவிடுகிறது. அதற்குமேல், மிகக் கடினமான ஆறு கிலோமீட்டர் தடத்தில் பிள்ளைகளைச் சுமக்கும் வண்டி முழு விலை கொடுத்தது. ஏன்? அது பள்ளிப் பேருந்து அன்று. பள்ளிப் பேருந்தாகப் பதிய அதற்குத் தகுதியும் கிடையாது. தகுதியுள்ள வண்டி எதுவும் அந்தத் தடத்தில் ஏறாது. இந்த வட்டத்துக்குள் ஒன்பது பிள்ளைகள் சிக்கியிருக்கிறார்கள். சட்டப்படி அந்த வண்டியில் அத்தனை பிள்ளைகளை ஏற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாங்களும் அறிவோம், தலைமையாசிரியரும் அறிவார், அதிகாரிகளும் அறிவார்கள். எல்லாரும் அறிந்துகொண்டே காலை ஏழரை மணிக்கு வாசலில் நின்று அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறோம்.

இதைத்தான் கூட்டத்தில் பேசியிருக்க வேண்டும். தடத்தைச் செப்பனிடக் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மடல், தடத்தில் ஓடும் வண்டிக்கும் மாணவர் போக்குவரத்து என்ற வகையில் ஏதேனும் ஒரு சலுகை கேட்டு ஒரு மடல், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க ஒரு நாள். இவற்றைச் செய்யச் சோம்பல்பட்டு, கடலை எண்ணெய்க் கதை சொல்லிச் சிரித்தோம். இழப்பை ஓட்டுநர் தலையில் கட்டினோம். செலவைக் குறைக்கும் பொறுப்பு முழுவதையும் மிக ஏழையான ஒருவரின் வண்டித் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, அவருடைய புத்திசாலித்தனத்தைப் பாராட்டவும் செய்தோம். புலனத்தில் வரும் மாற்று எரிபொருள் செய்திகள்மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுவே. அவை நம்மைக் கேட்க வேண்டியவரிடம் கேட்கவிடாமல் திசை திருப்புகின்றன.

இன்னும் கேளுங்கள். 2024இல் டீசல் வண்டி வைத்திருக்கும் தகுதியுள்ள தனியாருக்குப் 'புடி மடானி' திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை கொடுத்தார்கள். நம் ஓட்டுநருக்குக் கூடிய செலவு மாதம் 132 வெள்ளிதான். இருநூறு வந்திருந்தால் பாக்கெட் எண்ணெயே தேவைப்பட்டிருக்காது! ஏன் வரவில்லை? வண்டி இறந்துபோன அவர் தந்தையின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றவில்லை. வாரிசுப் பத்திரம், வாகனச் சோதனை, ஜே.பி.ஜே. அலுவலகம் என்று மலையிறங்கி அலைய வேண்டும். எல்லாம் மலாய்ப் படிவம். கையெழுத்துப் போடத் தயங்கும் ஒருவருக்கு அந்த அலைச்சலைவிட ஐம்பது பாக்கெட்டை வெட்டி ஊற்றுவது எளிதாகத் தெரிந்தது. படிவம் நிரப்பத் தெரிந்த பன்னிரண்டு ஆசிரியர்கள் அந்தப் பள்ளியில் இருந்தோம். எவரும் அவரிடம் 'வண்டி யார் பெயரில் இருக்கிறது?' என்று ஒருவார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கு ருடால்ப் டீசலின் வரலாறு தெரியும். எங்கள் மாணவியின் பாட்டனார் பெயரில் வண்டி இருப்பது தெரியாது.

பிறகு கேட்டோம். நானும் இன்னோர் ஆசிரியரும் இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு பள்ளி விடுமுறை நாளும் அவரோடு அலைந்தோம். 2025 தொடக்கத்தில் வண்டி அவர் பெயருக்கு வந்தது. உதவித்தொகைக்கு மனுச் செய்தோம், ஏற்கப்பட்டது.

வண்டிச் செலவில் உண்மையாகக் குறைந்தது என்ன என்று கேட்பவர்களுக்கு: நோசலைச் சோதித்துச் சரிசெய்ததும், இறுகிப்போயிருந்த ஒரு பிரேக்கை விடுவித்ததும், டயர்க் காற்றை வாரந்தோறும் பார்த்ததும் கண்ணுக்குத் தெரிந்த பலன் தந்தன. முன்சக்கரத் தனிப்பூட்டு உள்ள வண்டியில் தார்ச்சாலைக்கு வந்ததும் அதை இறங்கித் திருப்பி விட்டுவிட வேண்டும். அவர் மழைக்குப் பயந்து ஆண்டு முழுவதும் பூட்டியே வைத்திருந்தார். வண்டியின் கூரைமேல் எதற்கென்றே தெரியாமல் கிடந்த இரும்புச் சட்டத்தையும் பழைய டயர் இரண்டையும் இறக்கினோம். கோசு ஏற்றும் நடையையும் பிள்ளைகள் நடையையும் பிற்பகலில் ஒன்றாக்கினோம். இப்போது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரைத் தொடுகிறது. எட்டிலிருந்து ஒன்பது என்றால் மாதம் 12 லிட்டர். படம் பிடித்துப் போட்டு வியக்கும்படியான செய்தியன்று. ஆனால் பம்பு முறியவில்லை.

என் நண்பருக்கு, அந்தச் செய்தியைப் போட்டவருக்கு: உங்கள் நோக்கம் நல்லதென்று எனக்குத் தெரியும். என் நோக்கமும் நல்லதாகத்தான் இருந்தது. அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்க முடியாதென்றால் அதற்குக் கீழே என் பதிவை ஒட்டிவிடுங்கள். மறுப்பு எழுதுவதாயின், ஓராண்டு எண்ணெயில் ஓடிய வண்டி ஒன்றின் நோசலைக் கழற்றிக் காட்டி எழுதுங்கள். நான் நேரில் வந்து பார்க்கிறேன்.

பி.கு.: மேல்தடத்தில் பிள்ளைகளை ஏற்றி வரும் மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு வரவும். பெயர் மாற்றம் வேண்டியிருந்தால் பழைய உரிமையாளரின் இறப்புச் சான்றிதழையும் கொண்டு வாருங்கள். உதவித்தொகையின் அளவும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. அன்றைக்கு உள்ளதை அங்கேயே பார்த்து நிரப்பிவிடுவோம். தடம் செப்பனிடக் கேட்கும் மடலும் அங்கே இருக்கும். இதுவரை 31 கையெழுத்து.